எங்கே மாமா காத்திருந்த நேரம்

டி.வி.யை அணைத்த கையோடு அதன் கண்ணாடிக்குப் பக்கத்தில் முழங்கையைக் கொண்டுபோனால், ரோமம் அத்தனையும் எழுந்து நிற்கும்; 'சடசட'வென்று ஒரு சத்தம் கேட்கும்; சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் ஏறும். ராயப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்த நாங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அரைமணி நேரப் பாட்டு நிகழ்ச்சி முடிந்ததும் ஓடிப்போய் இப்படிக் கையை நீட்டுவோம். அதற்கெல்லாம் காரணம் மின்சாரம்தான் என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கோ அப்போது, பெட்டிக்குள்ளிருந்து இப்போதுதான் எழுந்துபோன ஒரு மனிதர் விட்டுச் சென்ற சூடு அது.

அவருடைய பேரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதே இல்லை. எங்களுக்கு அவர் 'எங்கே மாமா'. வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, முன்னால் ஒரு சின்ன ஆர்மோனியம். தானே கட்டிய எளிய பாட்டில் ஒரு வரி பாடுவார், "எங்கே?" என்பார், வலது கையைக் காதோரம் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவார். நாம் பாட வேண்டிய அடுத்த வரிக்கு அவர் விடும் இடம் அது. டி.வி.யில் மற்றவர்கள் எல்லாம் ஒரு நொடி வாயை மூடினால் குடிமுழுகிப் போய்விடும் என்பதுபோலப் பேசிக்கொண்டே இருக்க, இந்த மனிதர் மட்டும் சோம்பேறிப் பிள்ளைகூட எழுந்து வந்து பாடி முடிக்கிற அளவுக்குக் காத்திருப்பார். பிறகு கண்ணைத் திறந்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று சிரிப்பார்.

அம்மா அதை அட்சரம் பிசகாமல் நம்பினாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். டெலிபோனில் ஊர்க்குரல் கேட்கும்போது டி.வி.யில் மட்டும் ஏன் கேட்காது என்பது அவள் வாதம். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று சில சட்டங்கள் இருந்தன. குளிக்காமல் அவர் முன்னால் நிற்கக்கூடாது, அந்த அரைமணி நேரம் மிக்ஸி ஓடக்கூடாது, வாய்க்குள்ளேயே முனகக்கூடாது. "நல்லா வாயத் தொறந்து பாடுட்டி, அவுகளுக்குக் கேக்க வேண்டாமா?" என்று என் முதுகில் ஒரு தட்டு விழும். ஒன்பது வயதில் நான் தொண்டை கிழியப் பாடியும் ஒருநாள்கூட என் பேரைச் சொல்லி அவர் பாராட்டவில்லையே என்று உள்ளூர எனக்கு வருத்தம்.

பாடாதவன் என் தம்பி செல்வம் மட்டும்தான். நாலு வயது முடிந்தும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. காதில் குறையில்லை, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். ஆனால் ஜூன் மாதம் பொறுத்திருக்காது அல்லவா? பேசாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று இரண்டு பள்ளிக்கூடங்களில் கையை விரித்துவிட்டார்கள். கீழ்வீட்டு ஆட்டோக்காரரின் மனைவி சரோஜாக்கா நல்லெண்ணத்தோடுதான், "இன்னாக்கா, புள்ள இன்னும் பேசாமலே கீதே?" என்று கேட்பார். அன்றைக்கெல்லாம் அம்மா யாரிடமும் பேசமாட்டாள்.

அந்தச் சித்திரை மாத ஞாயிறு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேருந்துப் பாட்டு. "பஸ்ஸு வருது, பஸ்ஸு வருது, என்ன கலரு? எங்கே?" என்று பாடிவிட்டு எங்கே மாமா காதில் கைவைத்தார். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் பாட முடியவில்லை. அம்மா அடுப்பைக் குறைக்கப் போயிருந்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் பாட்டுக்குக் காத்திருந்தார். என் பக்கத்திலிருந்து, கரகரவென்று, இதற்குமுன் நான் கேட்டே இராத ஒரு குரல், "பச்ச" என்றது.

எங்களுடையது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அந்த நிறத்தை அவன் அதில் பார்த்திருக்க முடியாது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும் பேருந்துகளை மணிக்கணக்காகப் பார்த்தவன், எல்லாவற்றையும் கேட்டு, எல்லாவற்றையும் அறிந்து, உள்ளே சேர்த்து வைத்திருந்திருக்கிறான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்று அழுதாள். "கேட்டுச்சு, கேட்டுச்சு" என்று அவர் டி.வி.யில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா நம்பவில்லை. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன் அவர். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம் அலைமோதும். அடுத்த வாரம் முதலாளியிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கி வந்து உட்கார்ந்து, தன் காதால் கேட்ட பிறகுதான் நம்பினார். அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. நாலு புடவையை விரிப்பதற்குள் நாற்பது வார்த்தை பேசிப் பழகியவர் அவர். பிள்ளையிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதிலையும் தானே சொல்லி, அடுத்த கேள்விக்கும் போய்விடுவார். நாங்களும் அப்படித்தான். அவனுக்குப் பதில் சொல்ல இடம்விட்ட ஒரே ஆள் அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டின் நடைமுறையே மாறியது. "தோசைக்கு என்ன வேணும்? எங்கே?" என்று கேட்டுவிட்டு அம்மா காதில் கைவைத்து நிற்பாள், கல்லில் தோசை தீயும், நகரமாட்டாள். அப்பா சட்டைப் பித்தானைக் கழற்றாமல் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பேசாதிருப்பதற்குப் படாதபாடு படுவார். "சட்னி" வந்தது. "அப்பா" வந்தது. ஆனால் வீட்டைத் தாண்டி வேற்றாள் ஒருவரிடமும் அவன் வாயைத் திறக்கவில்லை; ஜூனோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மே மாதக் கடைசியில், மயிலாப்பூர்க் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்துக்கு எங்கே மாமா வருகிறார் என்று சுவரொட்டி பார்த்து நால்வரும் போனோம். நேரில் அவர் குள்ளமாக இருந்தார். நீண்ட வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும், அப்பா தடுப்பதற்குள் அம்மா கேட்டேவிட்டாள்: "சித்திரையில எம் புள்ள 'பச்ச'ன்னு சொன்னான்யா, ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். எங்கே மாமா சிரிக்கவில்லை; கையும் களவுமாகப் பிடிபட்டவரைப்போல அம்மாவைப் பார்த்தார்.

"இல்லம்மா. அங்க எனக்கு ஒண்ணும் கேக்காது. எதிர்ல ஒரு கேமரா, அதுக்குப் பின்னால சுவரு, அவ்வளவுதான். ஏதோ ஒரு வீட்டுல ஒரு குழந்தை பாட எழுந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க."

பிறகு தம்பியின் பக்கம் குனிந்து, "உன் பேரு என்ன? எங்கே?" என்று காதில் கைவைத்தார். தம்பி என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்தான். பேட்ஜ் குத்திய ஒருவர் வந்து, "சார், நேரமாச்சு, லைன் பெரிசா இருக்கு" என்றார். எங்கே மாமா கண்ணைத் திறக்காமல் இடது கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கூட்டத்தின் முணுமுணுப்பு ஓய்ந்தது. எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியவில்லை. குனிந்த முதுகு வலித்திருக்கும், அசையவில்லை.

"செல்வம்" என்றான் தம்பி.

வழக்கமான "கேட்டுச்சு" வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். ஜூனில் தம்பி பள்ளிக்கூடம் போனான்.

அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். வந்தது பிரமிப்புதான். வாரம் தவறாமல் ஒரு வெறுஞ்சுவரின் எதிரே உட்கார்ந்து, யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்காக ஒரு மனிதர் காத்திருந்திருக்கிறார். அதைவிடப் பெரிய காரியம் செய்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

போன மாதம் அவர் காலமானார். அந்த நிகழ்ச்சியின் பதிவு ஒன்றுகூட மிஞ்சவில்லை என்கிறார்கள், எங்கள் போர்ஷன் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, அப்பாவும் இல்லை. அடையாறில் வீட்டுமனைத் தரகராக இருந்து, பேச்சாலேயே பிழைக்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "யாருக்கா அவரு? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது; பிறகு, பேசுகிறவனுக்கு அது எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அம்மாவும் நானும் மட்டும் பூமாலையோடு மயிலாப்பூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்ற அவருடைய மகள், "நீங்க யாரும்மா? அப்பாவை எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள இப்பம் நல்லாப் பேசுதான்மா" என்றாள்.