குழம்பில் இல்லாத கோழிக்கால்

"கழுத்தும் ஈரலும் வேண்டாம்தானே?" என்று கோழிக்கடைக்காரர் இன்று கேட்டதும் அம்மா நினைவுக்கு வந்தாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. முட்டையிடுவதை நிறுத்திய கோழியை அம்மா குழித்துறைச் சந்தையில் மலிவாக வாங்குவாள். முதல் நாள் கறி, மறுநாள் மிச்சக் குழம்போடு அவித்த மரச்சீனிக் கிழங்கு, மூன்றாம் நாள் எலும்பைத் தட்டிப்போட்டு நல்லமிளகு ரசம். வீட்டில் இருந்த ஏழு பேருக்கும் அது போதும்.

ஒருமுறை பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா பிள்ளை பெற்றிருந்தாள். அம்மா கோழியின் ஒரு காலைக் குழம்போடு கிண்ணத்தில் வைத்து, "ஏட்டி, சிந்தாம கொண்டு குடு. பெத்த உடம்பு" என்றாள். கால் துண்டு அப்பாவுக்கு மட்டுமே கிடைக்கும் வீடு எங்களுடையது. வாழைத்தோப்பில் நின்று அதைத் தின்றுவிட்டு, வெறும் குழம்பைக் கொடுத்தேன். அக்கா என் வாயைப் பார்த்தாள். குழம்பை ஊற்றிக்கொண்டு கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள்.

சாயங்காலம் அம்மா பிள்ளையைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனாள்.

"கால் வெந்திருந்தா, மக்கா?"

"பஞ்சு மாதிரி வெந்திருந்து, மைனி" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டு வாசலிலேயே அழுதுகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. அப்பாவுக்கென்று மூடி வைத்திருந்த மற்றக் காலை எடுத்து அதே கிண்ணத்தில் வைத்தாள்.

"இப்ப போ" என்றாள்.