அறுப்பு முடியட்டும்

கும்பகோணம் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் நான் டைப் அடிக்கும் கடை வைத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. முதலில் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். வக்கீல்கள் கிறுக்கித் தருவதை மனுவாக அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பாகப் பிரிவினை, செக் கேஸ், விவாகரத்து எல்லாம் என் விரல் வழியாகத்தான் உள்ளே போகும். அதில் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருவது ஒரே ஒரு தாள். ஜீவனாம்ச வழக்கில் புருஷன்காரன் தன் வருமானத்தைப் பற்றித் தரும் வாக்குமூலம். 'எனக்கென்று சொத்து எதுவும் இல்லை, கூலி வேலை செய்து கஷ்ட ஜீவனம் நடத்துகிறேன்.' இந்த வரியை எத்தனை நூறு தடவை அடித்திருப்பேனோ! அதை அடிக்கச் சொல்லிவிட்டு வாசலில் நின்ற காரில் ஏறிப் போனவனும் உண்டு.

செந்தாமரையின் புருஷன் ராஜராஜனும் அதையேதான் எழுதிக் கொடுத்திருந்தான். பெயருக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. திருப்பனந்தாள் பக்கத்தில் ஐந்து ஏக்கர் நஞ்சை, இரண்டு போகம். ஆனால் பட்டா அப்பா துரைராசு பேரில் இருந்தது. அதனால் மகன் வெறும் விவசாயக் கூலியாம், மாதம் நாலாயிரம் சம்பாத்தியமாம்.

செந்தாமரை அவனை விட்டு வந்தபோது மகள் தமிழ்நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. குடி, அடி, அப்புறம் இன்னொருத்தி. அந்தக் கதையில் புதுசாக ஒன்றும் இல்லை. கும்பகோணத்தில் ஒரே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, பெரிய கடைத்தெருவில் பாத்திரக்கடை வேலைக்குப் போனாள். காலையிலிருந்து ராத்திரி கடை அடைக்கும் வரை நின்றுகொண்டே இருக்கிற வேலை. சம்பளம் ஒன்பதாயிரம். முதல் மனுவை அடிக்க வந்தபோது, "எனக்கு வேணாங்க்கா. எங்கையால சம்பாதிக்கிறேன். பொண்ணுக்கு மட்டும் கேட்டு எழுதுங்க" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "ஆமா, பெரிய மகாராணி! ரெண்டு பேருக்கும் கேளுடி" என்றேன். கேட்கவில்லை. பிடிவாதக்காரி.

அவளுடைய வக்கீல் அறிவுச்செல்வன் சின்ன வயசு, ஆனால் விவரமான ஆள். அவர்தான் அடங்கலை எடுத்துக்கொண்டு வந்தார். எந்த நிலத்தில் எந்தப் பயிரை யார் சாகுபடி செய்தார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதி வைக்கிற பதிவுதான் அடங்கல். வெள்ளம் வந்த வருஷம், நிவாரணப் பணம் அப்பா கணக்குக்குப் போய்விடக் கூடாது என்று ராஜராஜன் அதில் சாகுபடி செய்பவராகத் தன் பேரை ஏற்றிவிட்டிருந்தான். நிவாரணம் வாங்கிய கையோடு மறந்தும் போனான். அந்த அடங்கலை வைத்து அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரே குறுவைக்கு இருநூற்றுப் பதினாலு மூட்டை போட்டிருந்த ரசீதும் கோர்ட்டுக்கு வந்தது.

"கூலிக்காரர் இருநூத்திப் பதினாலு மூட்டை எங்கேருந்து கொண்டாந்தாரு?" என்று நீதிபதி அம்மா கேட்டார்களாம். அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றானாம்.

வரவு, சாகுபடிச் செலவு, பெண்ணின் படிப்பு, செந்தாமரையின் சம்பளம் எல்லாவற்றையும் பார்த்து மாதம் ஐயாயிரம் என்று உத்தரவானது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் அவள் வங்கிக் கணக்கில் போட வேண்டும். இதற்கே இரண்டு வருஷம், முப்பது வாய்தா. வாய்தாவுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து, என் கடைக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். உத்தரவு நகலைக் கொண்டுவந்து காட்டிய அன்று மட்டும் சிரித்தாள்.

ஒன்பது மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது. அப்புறம் செந்தாமரை என் கடைப் பக்கமே வரவில்லை. பத்தொன்பது மாதம் கழித்து ஒரு தை மாதம் மறுபடி என் கடை வாசலில் வந்து நின்றாள். காசே வரவில்லையாம்.

"பத்தொம்போது மாசமா என்னடி பண்ணிக்கிட்டு இருந்த?"

"மாமா வந்து சொன்னாருக்கா. குறுவை அறுப்பு முடியட்டும், மொத்தமா தந்துர்றோம்னு. அந்தக் குறுவை மழையில போயிருச்சு. அப்பறம் தை அறுப்பு முடியட்டும்னாரு. அதுக்கப்பறம் அடுத்த குறுவை." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "போன வாரம் நிலா பஸ் ஸ்டாண்டுல அவங்கப்பாவப் பாத்திருக்கா. புது மோட்டார் சைக்கிளாம். அதான் வந்தேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். திட்ட வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே? மளிகைக்கடையில் சொல்வதும் அறுப்பு முடியட்டும், ஆசாரிக்குச் சொல்வதும் அறுப்பு முடியட்டும், பெண்ணுக்குத் தோடு கேட்டாலும் அறுப்பு முடியட்டும். அந்த வார்த்தையை இந்தப் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவதுதான் மரியாதை. துரைராசு அதைச் சொன்னதும் இவளும் தலையாட்டியிருக்கிறாள். அறுப்புக்கு ஒரு மூட்டை அரிசி வேறு கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். அது போதாதா இவளுக்கு!

ஆனால் கோர்ட்டுக்கு அறுப்பு தெரியாது. அறிவுச்செல்வன் வந்து உட்கார்ந்து எடுத்துச் சொன்னார்.

"ஒரு மாசப் பணம் வரலேன்னா, அது வரவேண்டிய நாள்லேருந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும்மா. வருஷம் தாண்டிட்டா இந்த வழியில வாரண்டு போட்டு வாங்க முடியாது. இப்ப பன்னெண்டு மாசத்துக்குத்தான் கேக்கலாம். மொத ஏழு மாசம் போனது போனதுதான்."

"போயிருச்சுன்னா?"

"போயிருச்சும்மா. இன்னும் ரெண்டு அறுப்பு இதே மாதிரி தள்ளியிருந்தா பொண்ணுக்குப் பதினெட்டு ஆயிருக்கும். அதுக்கு மேல இந்த உத்தரவே நின்னுரும். வேற சட்டத்துல மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். அவங்க அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க."

செந்தாமரை என்னைப் பார்த்து, "அந்த ஏழு மாசமும் நிலா சாப்ட்டாளேக்கா" என்றாள். மனுவை அடிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு மாதம், அறுபதாயிரம்.

மறுபடி வாய்தா. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, மூன்று மூட்டை அரிசி கொடுத்திருக்கிறோம், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றார். உத்தரவில் அரிசி என்று எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று நீதிபதி அம்மா கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார். பணம் கட்டச் சொல்லிக் கொடுத்த தவணை எல்லாம் தாண்டிப் போய், கடைசியில் பிடிவாரண்டு வந்தது. வந்து என்ன? போலீஸ் போகும்போதெல்லாம் ஆள் ஊரில் இல்லை. திருப்பூருக்குப் போயிருக்கிறான், திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், எங்கே என்றே தெரியவில்லை. இப்படியே நாலு மாதம் இழுத்தது.

இதற்குள் தமிழ்நிலா பிளஸ் டூ முடித்துவிட்டாள். நல்ல மார்க். தஞ்சாவூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. அக்டோபர் முப்பதாம் தேதிக்குள் முதல் வருஷப் பணம் ஐம்பத்தெட்டாயிரம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். செந்தாமரையிடம் அடகு வைக்க ஒரு குண்டுமணித் தங்கம் கிடையாது. கடை முதலாளி ஐயாயிரம் முன்பணம் தந்தார், அவ்வளவுதான். அறுபதாயிரம் ராஜராஜனிடம் இருந்தது, ராஜராஜன் எங்கே இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது.

அக்டோபர் இருபத்திநாலாம் தேதி காலையில் ஓடி வந்தாள். "அக்கா, குறுவை நெல்லு போட அவரேதான் வரணும். இப்பல்லாம் அடங்கல்ல பேரு உள்ளவங்க நேர்ல வந்து கைரேக வெக்கணும்ல. எங்க சித்தி பையன் சதீஷ் கொள்முதல் நெலயத்துலதான் மூட்ட தூக்குறான். நாளைக்கு அவரு முறையாம். நெல்லக் கொண்டாந்து கொட்டியாச்சாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிவாரணத்துக்கு ஆசைப்பட்டு ஏற்றிய பேர், இன்னும் அவனை விடவில்லை!

மறுநாள் கடையைப் பூட்டிக்கொண்டு நானும் போனேன். எனக்கு என்ன தலையெழுத்து? மூட்டுவலி வேறு. ஆனால் தனியாகப் போனால் இவள் மாமனார் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டி வந்துவிடுவாள் என்று பயம். ஏட்டு மதிவாணனைச் செந்தாமரை கையைக் காலைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். பாவம், அவரும் அலுத்துப்போயிருந்தார். "இந்தத் தடவயும் ஆள் இல்லேன்னா என்னை விட்டுருங்கம்மா" என்றார்.

ஆள் இருந்தான். கொள்முதல் நிலையத்துக் களத்தில் இருபது முப்பது குவியல். தன் குவியலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தான். துரைராசு தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். கிழக்கே வானம் நன்றாகக் கறுத்திருந்தது. ஏட்டு வாரண்டைக் காட்டினார்.

"சார், சார், நெல்லு கெடக்கு சார். மழ வருது பாருங்க. இன்னும் அளக்கவே இல்ல. இதைப் போட்டுட்டு நாளைக்கு நானே ஸ்டேஷனுக்கு வந்துர்றேன்."

"தாமர, நீ சொல்லும்மா" என்று துரைராசு அவள் பக்கம் திரும்பினார். "அறுப்பு முடியட்டும்னு சொல்லிருக்கேனேம்மா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கே தலையாட்டிவிடப் போகிறாளோ!

"அறுத்தாச்சே மாமா" என்றாள். "இந்தா, முன்னால கெடக்கே."

ராஜராஜன் அவளைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். ஏட்டு அவன் தோளில் கைபோட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வண்டி ரோட்டில் திரும்பக்கூட இல்லை, பொட்டுப் பொட்டாகத் தூறல் விழ ஆரம்பித்தது. எல்லோரும் அவரவர் குவியலை மூட ஓடினார்கள். துரைராசு ஒற்றை ஆளாகத் தார்ப்பாயை இழுக்கப் பார்த்தார். எழுபது வயசுக் கிழவரால் காற்றில் அதைப் பிடிக்க முடியவில்லை. ஒரு பக்கம் போர்த்தினால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு போனது.

செந்தாமரை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். மறுமுனையைப் பிடித்து இழுத்து, சுற்றிலும் செங்கல்லைத் தூக்கித் தூக்கி வைத்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அடி அறிவு கெட்டவளே! அவன் நெல்லுக்கு நீ ஏண்டி சாவுற?"

மழை முகத்தில் வழிய என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நனைஞ்சா ஈரம் ஜாஸ்தின்னு எடுக்க மாட்டாங்கக்கா. இது அவரு நெல்லு இல்ல. நிலாவோட ஃபீஸு."

நானும் ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய?

மறுநாள் ராஜராஜனைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கட்டாவிட்டால் ஜெயில் என்றார்கள். பதினொரு மணிக்குள் துரைராசு அறுபதாயிரத்தையும் கொண்டுவந்து கட்டிவிட்டார். நெல்லை இன்னும் அளக்கவே இல்லை! களத்தில் தார்ப்பாய்க்குக் கீழே அப்படியேதான் கிடந்தது. மூன்று அறுப்பாக இல்லாத பணம் ஒரே ராத்திரியில் எங்கிருந்து வந்ததோ. பீரோவில்தான் இருந்திருக்க வேண்டும், வேறெங்கே? நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது. செந்தாமரைக்கு எரியக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பணம் கைக்கு வந்த அன்றே தஞ்சாவூருக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தாள். முப்பதாம் தேதிக்கு ஒரு நாள் பாக்கி இருந்தது.

துரைராசு கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பணம் கட்டிய அன்று கோர்ட் வாசலில் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்தார். முந்தின நாள் நனைந்ததில் தும்மிக்கொண்டிருந்தார்.

"நெல்ல மூடிவிட்டியேம்மா. அந்த மனசு யாருக்கு வரும்? அந்தப் பழைய ஏழு மாசம் கோர்ட்டுல போனாலும் நான் மறக்க மாட்டேன். தை அறுப்பு முடியட்டும், நானே..."

"மாமா." அவள் குரல் உயரவில்லை. "எம்பொண்ணுக்குப் பசி அறுப்புக்கு அறுப்பு வரல. தெனம் மூணு வேள வந்துச்சு."

அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகனைக் கூட்டிக்கொண்டு போனார்.

இந்த அறுபதாயிரத்துக்கு வழக்கு நடந்தபோது மேலும் சேர்ந்த பாக்கி மாதங்களுக்கு அறிவுச்செல்வன் தனியாக ஒரு மனு போட்டு வைத்திருந்தார், அது ஒரு பக்கம் வாய்தாவில் போய்க்கொண்டிருந்தது. நானும் இனி இவள் அந்த வாய்தாவுக்குத்தான் வருவாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த மாதம் ஆறாம் தேதி காலை, நான் கடைக் கதவைத் தூக்கும்போதே வாசலில் நின்றாள். வேலைக்குப் போகிற சேலை, கையில் வங்கிப் புத்தகம்.

"நேத்து அஞ்சாந்தேதி. பணம் வரல. அடிங்கக்கா."

"ஒரு நாள்தானடி ஆச்சு?"

"அடிங்க."

உட்கார்ந்து அடித்தேன். இத்தனை மாதப் பாக்கி என்று போடும் இடத்தில் இந்த இருபத்தேழு வருஷத்தில் பத்தும் பதினெட்டும் முப்பதும் அடித்திருக்கிறேன். 'ஒரு மாதம்' என்று அடித்தது அன்றைக்குத்தான்.