ப்ரின்லியை டார்லா நிறுத்திவைத்த வருஷம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். இந்த ஒஹாயோ ஊரில் பாதிக் கூரைகள் என் கையால் போட்டவை. பழைய டயர் கிடங்கை வாங்கி ஜிம்னாஸ்டிக்ஸ் கூடமாக்கியபோது வங்கிக்காரன் சிரித்தான். இன்று அவன் பேத்தி இங்கேதான் கரணம் போடுகிறாள். அப்பேர்ப்பட்ட நானே ஒரு விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை. எந்தப் பிள்ளை அடுத்த லெவலுக்குப் போகும், எது அதே லெவலில் நிற்கும் என்பது டார்லா ஹெஸ் சொல்வதுதான்.

டார்லா காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள், மாலையில் இங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பாள். சின்ன வயதில் பீமிலிருந்து, அதாவது நாலு விரல் அகலத்தில் உயரமாக நிற்கும் அந்தச் சமநிலைக் கட்டையிலிருந்து விழுந்து, மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறாள். சிரித்துப் பேசத் தெரியாதவள் என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள். அவளைத் தேடிப் பிடித்தவன் நான்; ஆளை எடைபோடுவதில் என் கண் தப்பாது.

அந்த வசந்தத்தில் மாநிலப் போட்டியில் பீமில் முதலிடம் வாங்கியது ஒன்பது வயது ப்ரின்லி. அடுத்த லெவலுக்குப் போகத் தாராளமான மதிப்பெண். டார்லாவோ, இதே லெவலில் இன்னொரு வருஷம் என்றுவிட்டாள். அம்மா ஷானா கொதித்துப்போய் வந்தாள். பதக்கம் வாங்கிய பிள்ளையை ஃபெயிலாக்குவது எந்த ஊர் நியாயம், பக்கத்து ஊர் ஜிம்மில் இவளைத் தலையில் வைத்துத் தாங்குவார்கள் என்றாள்.

டார்லா வாதாடவில்லை. "உள்ள வாங்க ஷானா. பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க."

மற்ற பிள்ளைகள் இன்னும் வரவில்லை. ப்ரின்லி பீமின் மேல் ஏறி, நடுவர் உட்காரும் காலி நாற்காலியைப் பார்த்துக் கை தூக்கினாள். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. பாதியில் டார்லா, "ப்ரின்லி, நில்லு" என்றாள்.

பிள்ளை நிற்கவில்லை.

ஷானா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்நேரம் ப்ரின்லி பின்பக்கமாக வளைந்து கை ஊன்றினாள். தலைகீழான முகம் அம்மாவுக்கு நேராக வந்தது. கண்கள் திறந்தே இருந்தன. அம்மாவைக் கண்ட அடையாளமே அவற்றில் இல்லை. எழுந்தாள், சுழன்றாள், குதித்து ஆணி அடித்தாற்போல் நின்றாள், காலி நாற்காலிக்கு மறுபடி கை தூக்கினாள். பிறகு உடம்பை ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு பீமருகே போனாள்.

"மிஸ், இப்ப ஆரம்பிக்கட்டுமா?"

என் கூரை ஒருநாளும் ஒழுகியதில்லை. ஆனாலும் பிடரியில் ஏதோ குளிர்ச்சியாகச் சொட்டியது போலிருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டாள் ஷானா.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. ஒருநாள் விழப்போயி ரொம்ப பயந்துட்டா. அதுக்கப்புறம் இவ ஏறவே இல்ல. ஏறுறது வேற எதுவோ."

"ஜெயிக்கிறாளே..."

"அது ஜெயிக்குது. அடுத்த லெவல்ல இன்னும் பெரிய வித்தை. அது தப்பு பண்ணினா உடையறது இவ கழுத்து."

ஷானா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அந்த வருஷம் முழுக்க டார்லா தரையோடு ஒட்டிய பீமில் அவளைப் பேசிக்கொண்டே நடக்கவைத்தாள். மதியம் என்ன சாப்பிட்டாய், பஸ்ஸில் யாரோடு சண்டை, எதுவானாலும் சரி. பேச்சு நின்றால் இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவாள். போட்டிகளில் ப்ரின்லி கடைசி. ஒருமுறை விழுந்து, முழங்கால் வலிக்கிறது என்று கூடமே அதிர அழுதாள். "வந்துட்டா" என்றாள் டார்லா.

வசந்தத்தில் ஏதோ நடுவாந்தரமாக மதிப்பெண் வந்தது. இப்போது அடுத்த லெவலுக்குப் போகலாம் என்றாள் டார்லா. சந்தோஷத்தில் ஷானா, போன வருஷம் தங்கம் வாங்கிய வீடியோவைக் கைபேசியில் மகளுக்குக் காட்டினாள். ப்ரின்லி கடைசிவரை உற்றுப் பார்த்தாள்.

"யாரும்மா இவ? ஏன் என் டிரஸ்ஸ போட்டிருக்கா?"

டார்லா கைபேசியை வாங்கி அந்த வீடியோவை அழித்தாள். ஷானா தடுக்கவில்லை.