வெர்னாவின் கேம்பரும் ஒரு கட்டைவிரல் உயரமும்

இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் வெர்னா டாலஃப்சன். பனியில் சறுக்கும் மலைச்சாலையில், முதுகுக்குப் பின்னால் நாற்பது வானரங்கள் கத்திக்கொண்டிருக்க, ஒரு நாள்கூட வண்டியில் கீறல் விழவிட்டதில்லை. ரயில் பாலத்துக்கு அடியில் போனால் தலைக்குமேல் எத்தனை அங்குலம் மிச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள்தான் தன் சொந்த கராஜின் வாசலை அளக்க மறந்தாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் ஆல்டர் க்ரீக்கில் அதை இப்போது வெர்னாவின் பெயரைச் சொல்லித்தான் சொல்கிறோம்.

அவள் கணவன் டெல்மர், மின்கம்பம் ஏறும் வேலை பார்த்தவன். ஓர் அக்டோபர் காலையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்தான். பேச்சு முழுசாகத் திரும்பியது. இடது கையும் காலும் பாதிதான் திரும்பின. அறுபதடிக் கம்பத்தில் அணில் மாதிரி ஏறியவன், அதன்பிறகு சமையலறை ஜன்னலோரத்து நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டான்.

அதற்கு முன்புவரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் இரண்டாம் வாரம் இருவரும் ஹக்கிள்பெர்ரி பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். நான்கு இரவு கூடாரத்தில் படுக்கை, விரலெல்லாம் ஊதா, பல்லெல்லாம் ஊதா. அந்தப் பழம் தோட்டத்தில் வளராது. மலையாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. எங்கள் ஊரில் ஒருவனிடம் அவன் எடையைக் கேட்கலாம், யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று கேட்கலாம், முதல் பெண்டாட்டி ஏன் விட்டுப்போனாள் என்றுகூடக் கேட்கலாம். எங்கே ஹக்கிள்பெர்ரி பறிக்கிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. டெல்மர் தன் இடத்தை வெர்னாவுக்கே கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்துத்தான் காட்டினான். அதுவரை அவளை நம்பவில்லை போலிருக்கிறது.

அந்த இடத்தைத்தான் பதினோரு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு ஆர்விட் கண்டுபிடித்தான். காட்டில் மரம் வெட்டிப் பிழைத்தவன், ஆள் ஓர் ஆறடி பீரோ. டெல்மரின் வண்டி கிளப்பிய புழுதியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போய், அடுத்த சனிக்கிழமை மச்சினன்மாரோடு திரும்பி வந்து, புதரை மொட்டையடித்துவிட்டான். அதுவும் ஒரே இழுப்பில் பழத்தையெல்லாம் உருவிப் போடுகிற, பல் வைத்த பெட்டிச் சீப்பால்.

"கையால பறிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். சீப்பு வச்சில்ல சீவியிருக்கான்! இலையும் போச்சு, காம்பும் போச்சு" என்றான் டெல்மர். அதோடு ஆர்விட்டுடன் பேச்சை நிறுத்தினான். நடுவில் இடுப்புயர வேலி ஒன்றுதான்; பதினோரு வருடம் ஒரு வார்த்தை அதைத் தாண்டவில்லை. வெர்னாவும் ஆர்விட்டின் மனைவி பெக்கியும் மட்டும் அதே வேலிக்குமேல் ஜாம் பாட்டிலும் ஊர் வம்பும் கைமாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆம்பிளைச் சண்டை ஆம்பிளைகளோடு.

ஜூன் முதல் சனிக்கிழமை வந்தால் ஆர்விட் மோட்டார் ரம்பத்தை வண்டியில் எறிந்துவிட்டு மலைப்பக்கம் போவான். எங்கே என்று பெக்கியிடம்கூடச் சொல்ல மாட்டான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்து டெல்மர் சொல்வான்: "கெளம்பிட்டான் திருடன். என் செடியில பூ விட்டிருக்கான்னு மோப்பம் பிடிக்கப் போறான். ரம்பம் சும்மா கண்துடைப்பு."

பக்கவாதத்துக்குப் பிறகு இரண்டு ஆகஸ்டுகள் வந்து போயின. வெர்னா கூப்பிட்டுப் பார்த்தாள்.

"மலை எனக்கு முடிஞ்சுபோச்சு, கண்ணு. தரையில படுத்தேன்னா அப்புறம் கிரேன் வச்சுத்தான் தூக்கணும். நீ வேணா போ" என்றான்.

மூன்றாவது ஆகஸ்டும் இப்படியே கழிந்தால் இந்த மனுஷன் அந்த நாற்காலியைவிட்டு எழவே மாட்டான் என்று வெர்னாவுக்குத் தோன்றிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதில் ஒரு கேம்பரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிவைக்கிற பெட்டி அது. ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கும். நிறுத்தியதும் உள்ளிருந்து கூரையை உயர்த்தினால் சுற்றிலும் கேன்வாஸ் சுவர் எழும்பும். கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உண்டு. இழுவை வண்டி போக முடியாத காட்டுப்பாதையிலும் இது போகும். வெர்னா தேடிப் பிடித்த பெட்டிக்கு வயது நாற்பத்திரண்டு. ஒரு பண்ணையின் மூலையில் பதினாறு வருடம் மழையில் கிடந்தது. பண்ணைக்காரர், "எடுத்துட்டுப் போனாப் போதும் தாயே" என்று ஏற்றிவிட்டார். கராஜுக்குள் நுழைந்தபோது கூரைக்கும் வாசலின் மேல்சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருந்தது. அதை வெர்னா பார்த்து வைத்துக்கொண்டாள். வந்த வினையே அதுதான்.

டெல்மர் கைத்தடியோடு வாசலில் வந்து நின்று எட்டிப்பார்த்தான். "இது என்ன, வண்டியா எலிப் பண்ணையா?"

"எலிங்கள நேத்தே காலி பண்ணச் சொல்லிட்டேன்."

"கூரை அழுகிப்போச்சு. சுவரோ துணி. கரடி வந்தா ஜிப்பைத் திறந்து உள்ள வந்து காப்பி கேக்கும்."

"போட்டுக் குடுப்பேன். உன்னைவிட மரியாதையாக் கேக்கும்."

நான்கு மூலையிலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, பிக்கப்பை உருவி எடுத்து, கேம்பரை மரக்கட்டைகள்மேல் இறக்கினாள். குளிர்காலம் முழுக்க கராஜில் சின்ன ஹீட்டரும் அவளும்தான். அலுமினியத் தகட்டை உரித்தால் உள்ளே மரச்சட்டம் ஊறிப்போன ரொட்டிபோல் கையோடு வந்தது. எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டுக் கனமான புதுச்சட்டம் அடித்தாள். குளிர் தாங்க நுரைப்பலகை வைத்தாள். காற்றுப் போகக் கூரையில் வைக்கிற பழைய காற்றுமூடி விரிசல் விட்டிருந்ததால் புதிதாக ஒன்றைக் கூரையின் பின்பக்கம் வைத்து, ஓரமெல்லாம் பிசின் அப்பினாள். கேன்வாஸைச் சமையலறை மேசையில் தைத்தபோது ஏழு ஊசி முறிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. ஏழாவதற்குச் சொன்னதை டெல்மர் மின்வாரியத்தில்கூடக் கேட்டதில்லையாம்.

ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஜன்னலிலிருந்து கிண்டல். பிறகு கராஜில் ஒரு நாற்காலி. பிப்ரவரியில் வலது கையால் கேன்வாஸின் மறுமுனையைப் பிடித்தான். மார்ச்சில் உள்ளே விளக்குக்கு ஒயர் இழுத்ததே அவன்தான், ஒற்றைக் கையால், ஒன்பது நாள். வெர்னா உதவப் போகவே இல்லை. பக்கத்தில் நின்று வேறெதையோ தேய்த்துக்கொண்டிருந்தாள்.

படிகளை அவள் தாழ்வாகவும் அகலமாகவும் செய்தாள். கதவோரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தினாள். அவள் ஓட்டிய நான்காம் நம்பர் பேருந்தை உடைக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளியில் கேட்டு வாங்கி வந்த வாசல் கம்பி அது. ஆயிரம் பிள்ளைகள் பிடித்து ஏறி வழவழவென்றிருந்தது.

"இந்தக் கம்பி யாருக்கு?" என்றான் டெல்மர்.

"பெக்கிக்கு. நீ வரலன்னா அவளைத்தான் கூட்டிட்டுப் போகப்போறேன்."

"அந்த எடத்துக்கா?"

"அந்த எடத்துக்குத்தான்."

டெல்மரின் முகம் வெளுத்தது. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லவில்லை. கல்லுளிமங்கன்.

ஜூலையில், இவ்வளவு பாரம் ஏற்ற வேண்டுமே என்று பிக்கப்பின் பின்பக்கத்து ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை போட்டாள். வண்டியின் பின்புறம் மூன்று விரல் எழும்பியது. கூரையோ புதுச்சட்டத்தாலும் மூடியாலும் ஏற்கெனவே இரண்டு விரல் எழும்பியிருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழம் கனிந்துவிட்டதென்று ஊரில் ஊதாப் பற்கள் தெரிய ஆரம்பித்த வாரம். புறப்பாடு வியாழக்கிழமை என்பதால் செவ்வாய்க்கிழமையே கேம்பரை வண்டியில் ஏற்றி வெளியே எடுத்தாள் வெர்னா. வழிகாட்ட முன்னால் பெக்கி நின்றாள், ஓரமாகக் கைத்தடியோடு டெல்மர். முன்பாதி அழகாக வெளியே வந்தது.

"நிறுத்து நிறுத்து நிறுத்து!" என்று பெக்கி அலறினாள்.

காற்றுமூடி மேல்சட்டத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

வெர்னா இறங்கி வந்து பார்த்தாள். இருபத்தொன்பது வருடம்! மூடியைக் கழற்றலாமென்றால், அந்தப் பிசின் விடாது. மூடியோடு கூரையும் வரும். மறுபடி பூசி உலர்வதற்குள் பழமெல்லாம் கரடி வயிற்றில். டயரில் காற்றை இறக்கினாள். ஒரு விரல் தாழ்ந்தது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாள். இரும்புச் சட்டி, டின் உணவு, உருளைக்கிழங்கு மூட்டை என்று வீட்டில் கனமாக இருந்ததையெல்லாம் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அப்போதும் ஒரு கட்டைவிரல் உயரம் இடித்தது.

"இன்னும் ஒரு முந்நூறு பவுண்டு எடை வேணும்" என்றாள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

பெக்கி வேலியைப் பார்த்தாள். "அந்த எடை எங்க வீட்டு சோஃபாவுல உக்காந்து பேஸ்பால் பாத்துட்டிருக்கு. ஆனா நான் கூப்பிட்டா வராது. டெல்மர் கூப்பிடணும்னு பதினோரு வருஷமா முறுக்கிக்கிட்டிருக்கு."

டெல்மருக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. வண்டி வெளியே வரவில்லை, அவ்வளவுதான், ஜன்னல் இருக்கவே இருக்கிறது. வெர்னா அவனைப் பார்க்காமல் டயர் பக்கம் குனிந்துகொண்டாள்.

"வேண்டாம்னா விடு, டெல்மர். உள்ள தள்ளிடலாம்" என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

கைத்தடியின் சத்தம் கேட்டது. வீட்டுப் பக்கம் அல்ல. நிமிர்ந்து பார்த்தபோது டெல்மர் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தான். மேடும் பள்ளமுமான தரை. இரண்டு இடத்தில் தடுமாறினான். வேலியை எட்டியதும் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"ஆர்விட்!"

வலைக்கதவு திறந்தது. வாசல் நிறைய ஆர்விட் நின்றான்.

"இப்ப உன் எடை எவ்வளவு?"

"பதினோரு வருஷம் கழிச்சு வாயைத் திறந்தா, மொத வார்த்தையே இதுதானா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுய்யா."

"முந்நூத்தி இருபது. பெக்கிகிட்ட முந்நூறுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எல்லாம் காதுல விழுது!" என்றாள் பெக்கி.

"போதும், வா. வந்து இந்த வண்டியில கொஞ்ச நேரம் உக்காரு."

ஆர்விட் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தான், வாசலைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான். "நீயா?" என்றான். "சிரிச்சே, கொன்னுடுவேன்" என்றாள் வெர்னா. அவன் ஏறினான். புது ஸ்பிரிங் முனகிக்கொண்டு இறங்கியது. பெக்கி குனிந்து பார்த்து, "இன்னும் ஒரு நூல்தான்" என்றாள்.

வெர்னா ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்தாள். அப்போது கண்ணாடியில் டெல்மர் தெரிந்தான். கைத்தடியைப் பெக்கியிடம் நீட்டினான். வலது கையால் பேருந்துக் கம்பியைப் பிடித்தான். நல்ல காலை முதல் படியில் வைத்து, கெட்ட காலை இழுத்துச் சேர்த்தான். அப்புறம் இரண்டாவது படி. யாரும் தாங்கவில்லை. எத்தனையோ பிள்ளைகள் அந்தக் கம்பியைப் பிடித்து ஏறுவதைக் கண்ணாடியில் பார்த்தவள் வெர்னா. அவர்களில் யாருக்காகவும் அவள் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததில்லை.

"எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று வழக்கமான குரலில் கத்தினாள்.

"உக்காந்தாச்சு, மிஸ் வெர்னா!" என்று உள்ளிருந்து ஆர்விட் சின்னப் பிள்ளைக் குரலில் கத்தினான்.

வண்டி ஊர்ந்தது. "வா… வா… மூச்சு விடாதே… வா…" என்று பெக்கி பின்னோக்கி நடந்தாள். காற்றுமூடி சட்டத்துக்கு அடியில் ஒரு தபால் அட்டை இடைவெளியில் நழுவி வெயிலுக்கு வந்தது.

வெர்னா வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். யாரும் இறங்கவில்லை. பின்பக்கம் போனாள். கதவின் சின்ன ஜன்னல் திறந்திருந்தது. ஒரு சாண் மேசைக்கு இருபுறமும் இரண்டு கிழடுகளும், தாழ்ந்த கூரைக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்த ஜூன்லயும் போனியே, பூ எப்படி?" என்றான் டெல்மர், குத்தலாக.

"பூவை யார் பாத்தா? ரோட்டுக்குக் குறுக்கால நாலு மரம் விழுந்து கெடந்துச்சு. அதை அறுத்து ஒதுக்கவே பொழுது போயிடுச்சு."

"எந்த ரோட்டுல?"

"எந்த ரோடா? உன் ரோடுதான். வருஷா வருஷம் பனியில விழுதுல்ல? அறுக்கலன்னா நீ எப்படி மேல போவே?" ஆர்விட் மேசையைத் தடவினான். "போன வருஷமும் அறுத்தேன், அதுக்கு முந்தின வருஷமும் அறுத்தேன். நீதான் வரல."

இத்தனை வருடமும் வனத்துறைக்காரர்கள்தான் பாதையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று டெல்மர் நினைத்திருந்தான்.

"பழம்?" என்றான் கடைசியில்.

"ஒரு கை. வாயில போட்டது. அதைக் கணக்குல சேக்காதே."

"அந்தச் சீப்பு?"

"அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்."

டெல்மர் தொண்டையைச் செருமினான். "வியாழக்கிழமை காலையில ஆறு மணிக்குப் போறோம். நீயும் பெக்கியும் கூடாரத்தை எடுத்துக்கிட்டு வாங்க."

"சரி. உங்க வண்டி பின்னாடியே வந்துடறோம்."

"எதுக்குப் பின்னாடி? முன்னாடியே போ. வழிதான் உனக்குத் தெரியுமே, திருட்டுப் பயலே."

வெர்னா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. பெக்கி கைத்தடியோடு ஓடி வந்து, "என்ன சொல்றாங்க உள்ள?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை போறோம்னு சொல்றான், பெக்கி" என்றாள் வெர்னா. "டெல்மர் சொல்றான்."