சூட்டுக்கட்டி என்று சொன்னது யார்?

எங்கள் அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர் பலர் மனத்தில் ஒரு கேள்வி இருப்பது எனக்குத் தெரியும். கால் அடைப்பு நீங்கி நன்றாக நடந்துகொண்டிருந்தவர் ஆறே மாதத்தில் எப்படிப் போனார்? வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லையோ? அதற்குப் பதில் சொல்லவே மகளாகிய நான் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா உடன்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, பதினேழு வயதில் மும்பை தாராவிக்கு வந்தவர். தோல் பை செய்யும் கார்கானாவில் நாற்பது ஆண்டுகள் நின்றபடியே தோல் வெட்டினார். ஒரு துண்டுத் தோலையும் வீணாக்க மாட்டார். பீடியையும் அப்படித்தான், விரல் சுடும்வரை விடமாட்டார். அம்மா போன பிறகு அண்ணன், அண்ணியுடன் இருந்தார். நான் மும்பையை அடுத்த கல்யாண் நகரில் குடியிருக்கிறேன்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேக புத்தி. ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அப்பா நூறடிக்கு ஒரு கடை முன்னால் நின்று வேடிக்கை பார்ப்பார். பீடிக்காக நிற்கிறார் என்று நினைத்தேன். கெண்டைக்கால் வலியில் நிற்கிறார் என்று கண்டுபிடித்தது அண்ணி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவர்தான். தொடை ரத்தக்குழாய் அடைத்திருந்தது. துணி உறை போர்த்திய கம்பிக்குழாயை உள்ளே வைத்து வழி திறந்தார்கள். மருமகளுக்கு இவ்வளவு அக்கறை எதற்கு, அப்பா பேரில் இருக்கும் வீட்டின் மேல் கண்ணோ என்று அப்போதும் யோசித்தேன்.

வீடு திரும்பும் நாளில் டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். உள்ளே இருப்பது உடம்புக்கு அந்நியமான பொருள், அதில் கிருமி தொற்றினால் லேசில் போகாது, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்றார்.

மே மாதம் ஒரு நாள், குர்லா ஸ்டேஷனில் கூட்டத்தோடு வண்டி ஏறும் நேரத்தில் அப்பா போன் செய்தார்.

"எம்மா, தொடை இடுக்குல கட்டி மாதிரி இருக்கு. மருமவட்ட எப்படிக் காட்ட?"

"இந்த வெயிலுக்கு எல்லாருக்கும்தான் வருது. சூட்டுக்கட்டிப்பா. மஞ்சளும் சுண்ணாம்பும் சோப்பும் குழைச்சுப் போடுங்க, பழுத்து உடைஞ்சிரும். அண்ணிட்ட சொல்லாண்டாம், ஒண்ணப் பத்தா ஆக்கிருவாவ."

அப்பா என் பேச்சைத் தட்டியதே இல்லை. பத்து நாள் யாருக்கும் காட்டாமல் பூசினார். பதினோராம் நாள் குளிர் காய்ச்சல் தூக்கிப்போட்டது. அண்ணிதான் டாக்ஸி பிடித்து ஓடினார்.

கட்டியின் மேல் காய்ந்திருந்த மஞ்சளைப் பார்த்து, "இதை யார் போடச் சொன்னது?" என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார்.

"வீட்டுல அண்ணிதான பாத்துக்கிடுதாவ" என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த அப்பா என்னைப் பார்த்தார்.

மஞ்சளால் வந்ததல்ல, கிருமி முன்பே குழாயைப் பற்றியிருக்கிறது, கட்டி தெரிந்த அன்றே வந்திருந்தால் பிழைக்க வழி இருந்திருக்கும் என்றார் டாக்டர். குழாயை எடுத்துவிட்டு மற்றக் காலின் ரத்தக்குழாயை வெட்டியெடுத்து அந்த இடத்தில் இணைத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது. ஒன்பதாம் நாள் அப்பா போய்விட்டார்.

சாவுக்கு உறவினர் கூடிய துட்டி வீட்டிலேயே அண்ணியைப் பற்றி முணுமுணுப்பு கிளம்பியது. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஓராண்டாகச் சும்மாதான் இருந்தேன்.

இதை எழுதி முதலில் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

"இது எதுக்கு இப்ப? மாமா ஆஸ்பத்திரியிலயே எங்கிட்ட சொல்லிட்டாவ" என்றார்.

எல்லாம் தெரிந்தே ஏச்சு வாங்கியிருக்கிறார். அப்போதும் என் புத்தி விடவில்லை. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டே விட்டேன்.

"நீ தாங்க மாட்டன்னு மாமா சொன்னாவ."

அப்பாவுக்கு ரத்தம் கொடுத்த கார்கானா நண்பர்களுக்கும், மாறி மாறி ஆஸ்பத்திரியில் காவல் இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. துட்டி வீட்டில் அவர் நீட்டிய காப்பியை வாங்காமல் திரும்பியவர்கள் சிலர் உண்டு. இன்று நினைவுநாள் பந்தியில் பரிமாறப்போவது அவர்தான். மறுக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.