மறுநாள் பன்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ந்து வரும் கட்டில் விரிப்பை அவள் கையில் கொடுத்தால் போதும். ஒரு உதறு, நாலு மடிப்பு, விளிம்போடு விளிம்பு உட்கார்ந்துவிடும். பதினொரு வருஷமாக இதே வேலை. அலுக்கவில்லையா என்று கேட்டால் சிரித்து மழுப்புவாள். ஆனால் அலுத்துத்தான் போயிருந்தது. ஊரார் அழுக்காக்கியதை மடித்து மடித்தே காலம் போகிறதே, தான் செய்த ஒன்றை வெளி மனுஷர் யாராவது ஒருத்தர் ‘இன்னொண்ணு கொடு’ என்று கேட்டு வாங்கமாட்டாரா என்ற ஆசை அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் அந்தக் குறை இல்லை. அவள் சுடும் உருளைக்கிழங்கு பன் அப்படி. ஒரு நாள் விருந்தாளி வாசலில் நிற்க, மாவு டப்பா பல்லைக் காட்ட, வேறு வழி தெரியாமல் மிச்சமிருந்த மசித்த கிழங்கை மாவில் அள்ளிப்போட்டுப் பிசைந்தாள். ஒரு வேளைக்கு வந்த விருந்தாளி மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கடை பன்னை அந்த வீட்டில் யாரும் சீந்துவதில்லை.

விஷயம் நாலு வாய் மாறி ஆஸ்பத்திரிச் சமையலறை மேற்பார்வையாளர் அம்மாளின் காதுக்கு எட்டியது. ரொட்டி சுடுகிறவர் ஓய்வு பெற்று, அங்கே இடம் காலியாக இருந்த நேரம். திங்கட்கிழமை அந்த அம்மாளே சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டாள். சிரிப்பை எங்கேயோ அடகு வைத்த முகம். மதியம் சுடுவதைத்தான் மறுநாள் காலையில் நோயாளிகளுக்குக் கொடுக்கிறோம், அதில் பாதிப் பேர் மெல்ல முடியாத வயசாளிகள் என்று விவரம் சொன்னாள்.

“சுட்ட அன்னிக்கு எல்லா பன்னும் மெத்துன்னுதான் இருக்கும். மறுநாள் எப்படி இருக்குன்னு நான் பாக்கணும். வியாழக்கிழமை சுட்டு, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு கொண்டு வா. சரியா இருந்தா அந்த அடுப்பு உனக்கு.”

மடிப்பக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பஞ்சு மாதிரி இருக்கும் அம்மா என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தாள். மறுநாள் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? அவள் வீட்டில் ஒரு பன்னாவது மறுநாளைப் பார்த்திருந்தால்தானே!

அன்று சாயங்காலமே சோதனையில் இறங்கினாள். சுட்டு, தட்டில் அடுக்கி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். தலை துவட்டிக்கொண்டு வந்தபோது தட்டுதான் இருந்தது. தொடக்கூடாது என்றாயே தவிர தின்னக்கூடாது என்று சொன்னாயா என்று மகள் சட்டம் பேசினாள்.

புதன்கிழமை பன்னைத் துணியில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சரடில் கட்டிக்கொண்டாள். புத்திசாலிதான், ஆனால் புருஷன் தொழில் என்ன என்பதை மறந்துவிட்டாள். தெருமுனையில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் மனுஷன். கம்பி ஒன்று கையில் கிடைத்தால் அவருக்குப் பூட்டெல்லாம் வெறும் அலங்காரம். விடிந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, உள்ளே துணி மட்டும் கிடக்கிறது. பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தேன் என்றார். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

“உங்களுக்கெல்லாம் இது வெறும் தீனி. எனக்கு இது அந்தச் சலவை நீராவிக்குள்ளேருந்து வெளிய வர்ற வழி. புரியுதா?”

புருஷன் கம்பியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். மாமனார் ஈஸிசேரில் தொண்டையைச் செருமினார். நல்ல மனுஷர், கண்டிப்பானவர். பல்செட்டை மாட்டாமல் வாழைப்பழத்தைக்கூடத் தொடமாட்டார்.

அன்றைக்கே வியாழக்கிழமை. சோதனை பார்க்க இனி நாள் இல்லை, நேரே பரீட்சைதான். மத்தியானம் வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீடு சேர்ந்தாள். கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்து, ஒரு கட்டி இல்லாமல் சல்லடையில் தேய்த்து ஆறவிட்டாள். சூட்டோடு போட்டு ஈஸ்ட்டைச் சாகடித்த அனுபவம் அவளுக்கு உண்டு. கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டாமல், விரல் பொறுக்கும் சூட்டில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்தாள். நுரை பொங்கியபோது அவள் மனசும் கூடவே பொங்கியது. மாவு, முட்டை, வெண்ணெய் எல்லாம் சேர்த்ததும் கையெல்லாம் பிசுபிசு. இங்கேதான் பலரும் பயந்துபோய் இன்னும் ரெண்டு பிடி மாவைப் போட்டுப் பன்னைக் கல்லாக்குவார்கள். அவள் போடவில்லை. விரிப்பை உதறிய கை சளைக்குமா? அடித்துப் பிசைந்தாள், கால்மணி நேரத்தில் மாவு தானாகப் பாத்திரத்தை விட்டுவிட்டது.

உப்பிய மாவை உருட்டி, ஒன்றின் தோளை ஒன்று தொடும்படி தட்டில் நெருக்கி வைத்தாள். அவை இன்னொரு தரம் உப்பியதும் அடுப்புக்குள் தள்ளினாள். பன்னிரண்டும் பொன்னிறமாக வெளியே வந்தபோது தெருவே மணத்தது. சுடச்சுட வெண்ணெய் தடவி, உடனே துணி போட்டு மூடினாள். அந்த ஆவிதான் மேல்தோலை இளக்கும். துணியை எப்படி மடித்துச் செருகினாள் என்று சொல்லவும் வேண்டுமா? அன்று ராத்திரி புருஷன் தன் கம்பிகளை எல்லாம் அவளிடமே ஒப்படைத்துவிட்டுப் படுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை துணியைத் தூக்கினாள். எண்ணினாள். பதினொன்று.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. புருஷன் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வந்தார். மகள் தள்ளி நின்றுகொண்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஈஸிசேரில் விரித்த செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. அதற்கு மேலே தெரிந்த மீசையில் ஒரு பன் துணுக்கு.

“விடியக்காலைல பசிச்சுதும்மா, ஒண்ணே ஒண்ணுதான்” என்றார் மாமனார். வார்த்தைகள் காற்றாக வந்தன. கத்துவதற்கு வாயைத் திறந்த மருமகள் அப்படியே நின்றாள்.

“மாமா, உங்க பல்லு எங்க?”

அவர் வாயைத் தடவிப் பார்த்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பினார். டம்ளர் தண்ணீருக்குள் இரண்டு வரிசைப் பல்லும் பத்திரமாகக் கிடந்தன.

“மாட்டவே மறந்துட்டேனேம்மா” என்றார், அவருக்கே ஆச்சரியம் தாங்காமல்.

மடிப்பக்கா மாமனாரைக் கட்டிப்பிடிக்காததுதான் பாக்கி. மகளைத் தூக்கிச் சுற்றினாள். புருஷனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவரும் சிரித்துவைத்தார்.

மத்தியானம் மேற்பார்வையாளர் அம்மாள் துணியைப் பிரித்து எண்ணினாள். பன்னிரண்டுதானே கேட்டேன் என்றாள். ஒன்றையும் மறைக்காமல், பூட்டு, கம்பி, டம்ளர், மீசைத் துணுக்கு வரை எல்லாவற்றையும் மடிப்பக்கா மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. ஒரு பன்னைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழிந்தது, மெதுவாக மேலே எழுந்து பழையபடி நின்றது. பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள். மிச்சத்தையும் போட்டாள்.

அந்த அம்மாள் விரலில் ஒட்டிய வெண்ணெயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“இன்னொண்ணு கொடு.”

பதினொரு வருஷமாக ஒரு மடிப்புப் பிசகாத அந்தக் கை, பன்னை எடுத்துக் கொடுத்துவிட்டுத் துணியைக் கோணலாக மடித்து வைத்தது.