எங்கள் வீட்டு முதல் பட்டதாரி

எங்கள் வீட்டில் எல்லாமே வரிசைப்படிதான். கம்மலோ கல்யாணமோ, மூத்தவளுக்கு ஆன பிறகுதான் இளையவளுக்கு. அப்பா படிப்பையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார்.

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழ் வாங்கினால், பொறியியல் படிக்கும் பிள்ளையின் படிப்புக் கட்டணத்தை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும். முதல் பட்டதாரி சலுகை என்று பெயர். நானோ பிளஸ் டூவில் தட்டுத் தடுமாறித் தேறியவள். கணக்கு என்றாலே ஓடிவிடுவேன். என் தோஸ்துகள் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் அதுவே போதும். என்னைவிட மூன்று வயது சின்னவளான என் தங்கைதான் படிப்பில் புலி. ஆனால் தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா, "மூத்தவ நீ போவாம, நாளைக்குச் சின்னவள எப்டிம்மா அனுப்புறது?" என்றார். நான் மறுக்காமல் அந்தச் சான்றிதழை வாங்கி இன்ஜினியரிங்கில் சேர்ந்தேன்.

இரண்டாம் வருடத்துக்குள் அரியர் குவிந்துவிட்டது. சலுகை படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான். பஸ், பரீட்சை, லேப் எல்லாம் அப்பாவின் தலையில். ஒருநாள் புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டு நானும் ஷூ கம்பெனியில் சேர்ந்தேன்.

இந்த வருடம் தங்கையின் முறை. நல்ல மதிப்பெண். சான்றிதழ் வாங்க அவளோடு தாலுகா ஆபீஸுக்கு நானும் போனேன். அங்கிருந்த கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ ஏற்கெனவே வாங்கிட்டியேம்மா."

"அக்கா முடிக்கல சார்," என்றாள் தங்கை. "எங்க வீட்ல பட்டம் வாங்குனவங்களே யாரும் இல்ல சார்."

"முடிச்சா இன்னா, முடிக்காட்டி இன்னா? ஒரு வீட்ல ஒருத்தருக்குத்தான்."

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று. எனக்கு அவர் மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது.

அரசுப் பள்ளியில் படித்திருந்தால், அவர்களுக்கான தனி ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் சேர வழி இருந்திருக்கும். நாங்கள் படித்தது மிஷன் பள்ளி. பேங்க் லோன் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். கல்லூரிகள் திறந்த வாரம் தங்கையை எங்கள் கம்பெனியில் சேர்க்க நானே அழைத்துப் போனேன். கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அக்கா, உனக்கு இன்ஜினியரிங் வராதுன்னு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன்க்கா அப்பாகிட்ட சொல்லல?"

நான் காலேஜில் சேர்ந்த புதிதில் தெருவில் எல்லாரும் என்னை "இன்ஜினியரம்மா" என்று கூப்பிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. காரணம் அவ்வளவுதான். அதைச் சொல்லாமல், "நேரமாச்சு, வா" என்றேன். அவள் எனக்கு முன்னால் உள்ளே போனாள்.